பிள்ளைகளிடம் எதை, எப்போது கொடுப்பது

எங்கள் தருமபுரி பக்கம் பிள்ளை வளர்ப்பதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது வரை எதையும் தானாகச் செய்ய விடமாட்டோம், அப்புறம் ஒரே நாளில் எல்லாவற்றையும் தலையில் ஏற்றிவிடுவோம். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற காலம் பல வீடுகளில் இல்லவே இல்லை.

மாட்டுக் கன்று பிறந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து மடியைத் தேடும். மனிதக் குழந்தை தனியாக நடக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், 8 மாதத்தில் நடந்தாலும் 17 மாதத்தில் நடந்தாலும் இயல்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு காலம் நம்மை நம்பித்தான் அது இருந்தாக வேண்டும். ஆனால் அதே குழந்தை ஒரு வயதுக்கு முன்பே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சோற்றுப் பருக்கையைப் பொறுக்கி வாயில் போடும், ரெண்டு வயதில் எதற்கெடுத்தாலும் 'நானே, நானே' என்று அடம்பிடிக்கும். சிந்திவிடும், நேரமாகிவிடும் என்று நாம்தான் கையைத் தட்டிவிடுகிறோம். எட்டு வயதுப் பையனுக்குக் களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, டிவி முன்னால் ஊட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய பள்ளியில் நாற்காலி, மேசையெல்லாம் பிள்ளைகளின் உயரத்துக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தன. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் நம் ஊரிலும் நிறைய, ஆனால் தண்ணீர்ச் சொம்பைக் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிற வீடுகள் குறைவு.

என் அக்கா மகன் பதினொன்றாவதில் ஹாஸ்டலுக்குப் போனான். எழுந்திரிக்க மணி, படிக்க மணி, தூங்க மணி. மார்க் நன்றாகத்தான் வந்தது. காலேஜுக்கு பெங்களூர் போன பிறகு, காய்ச்சல் அடித்தால் "எந்த டாக்டர்கிட்ட போறதும்மா?" என்று இங்கே போன் செய்வான், அவன் தங்கியிருக்கும் தெருவிலேயே கிளினிக் இருக்கும். பையன் மேல் தப்பில்லை. அதுவரை எதையும் முடிவு செய்ய யாரும் அவனை விடவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. மளிகைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பாத 16 வயதுப் பெண்ணிடம் ஒரு குடும்பத்தையே தூக்கிக் கொடுக்கிறார்கள். நேற்று வரை எந்தச் சுடிதார் எடுப்பது என்பதைக்கூட அம்மாதான் முடிவு செய்தார், இன்றைக்கு அவள் மாமியார் வீட்டையும், சீக்கிரமே ஒரு கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் வந்து நிறுத்துவார்கள். ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு முறைகூடச் சொல்லிப் பழகாத பெண் அந்தப் போனை எப்படி எடுப்பாள்?

இன்னொரு பக்கம், அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பிள்ளைகள் பாட்டி வீட்டில். பத்து வயது அக்கா சோறாக்கி, தம்பிக்குத் தலை வாரி, பள்ளிக்கூடமும் போகிறாள். 'என்ன பொறுப்பான புள்ள' என்று ஊரே மெச்சுகிறது. எனக்கு மெச்ச மனசு வரவில்லை. அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் சரி, அவளைப் பார்த்துக்கொள்ள வயதான பாட்டியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பழக்குவதென்றால் எப்படி என்பதை என் அப்பாவிடம்தான் பார்த்தேன். பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் மகளுக்கு அவர்தான் நீச்சல் சொல்லிக்கொடுத்தார். முதுகில் ரெண்டு காலி கேன், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் உட்கார்ந்த அவர் கையில். கொஞ்ச நாளில் ஒரு கேனை அவிழ்த்தார், அப்புறம் அடுத்ததை, கயிற்றையும் நாளுக்கு நாள் தளர்த்தினார். கடைசியில் கயிறும் போனது, ஆனால் அவர் மட்டும் கிணற்றை விட்டு ஏறவில்லை, பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தார். "தண்ணிய முழுங்கட்டும், கொஞ்சம் முழுங்கினாத்தான் வாய மூடக் கத்துக்குவா, ஆனா நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

இப்போது அவள் பாலக்கோட்டுக்குத் தனியாக பஸ்ஸில் போகணும் என்கிறாள். 'ஏதாவது ஆயிட்டா?' என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான பயம்தான். முதல் தடவை அதே பஸ்ஸில் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன், கண்டக்டரிடம் பேசுவது, டிக்கெட் வாங்குவது, எங்கே இறங்குவது எல்லாம் அவள் பாடு. அடுத்த தடவை இங்கே நான் ஏற்றிவிடுவேன், அங்கே அப்பா வந்து நிற்பார். அதற்கும் அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வர வேண்டாமாம், வீட்டுக்குப் போகும் வழி தனக்குத் தெரியுமாம், இப்போதே சொல்லிவிட்டாள்.