மார்பில் ஒரு பல்லி

முதலில் அதைப் பார்த்தது நானில்லை. பக்கத்து மேசையில் உருவங்களுக்கு அசைவு கொடுக்கும் தம்பி ஒருவர் தேநீர் டம்ளரோடு என் பின்னால் வந்து நின்றார். திரையில் இருந்த போர்வீரனின் மார்பைக் காட்டி, "அண்ணா, அது பல்லிதானே?" என்றார். உருமறைப்புத் துணியின் கறுப்புத் திட்டுகளில் ஒன்று வாலும் நான்கு காலுமாகப் பல்லி போலவே இருந்தது. இடது தோளில் இன்னொரு பல்லி. முதுகுப்பைக்குக் கீழே ஒன்று, தொடையில் இரண்டு. எண்ணினோம், ஏழு வந்தது. அன்று முதல் என் மாடலைப் பார்க்க வருகிறவர்கள் வீரனின் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லியைத்தான் தேடினார்கள்.

சென்னையில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் கணினி உருவங்களுக்கு டெக்ஸ்சர் செய்வது என் பிழைப்பு. கல், துரு, தோல், துணி என்று எந்தப் பொருளின் மேற்பரப்பையும் படமாக்கி உருவத்தின் மேல் போர்த்த வேண்டும். அந்த முறை வந்தது 1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்த அமெரிக்கக் காலாட்படை வீரன். 1981இல் அவர்களுக்கு வந்த 'உட்லேண்ட்' சீருடை, பச்சை, பழுப்பு, மணல், கறுப்பு என்று நான்கு நிறம். எளிய வேலை என்று நினைத்தேன். ஒட்டுத் தெரியாத உருமறைப்பு டெக்ஸ்சர் ஒன்றை இணையத்தில் விலைக்கு வாங்கிப் போர்த்திவிட்டேன்.

ஒட்டுத் தெரியாத டெக்ஸ்சர் என்றால் தரையில் பதிக்கும் டைல் மாதிரிதான். வலது விளிம்பு இடது விளிம்போடும் மேல் விளிம்பு கீழ் விளிம்போடும் பொருந்த வேண்டும். படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால் விளிம்புகள் நடுவில் சிலுவைபோல் வந்து நிற்கும். அந்தச் சிலுவையை அழித்து, திட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் டைல் தயார். நான் வாங்கியதில் விளிம்பு குறையில்லாமல் பொருந்தியிருந்தது. ஆனால் ஒட்டுத் தெரியாமல் இருப்பது வேறு, திரும்ப வருவது தெரியாமல் இருப்பது வேறு. எட்டு வருட வேலைக்குப் பிறகு இதை ஒரு பல்லியிடம் கற்றுக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பல்லியைக் கொன்றேன். வாலை வெட்டினேன், கால்களைப் பச்சைக்குள் கரைத்தேன். பல்லி போனதும் அதன் பக்கத்தில் இருந்த பழுப்புத் திட்டு ஒரு பூட்ஸ் மாதிரி கண்ணைக் குத்தியது. அதையும் கரைத்தேன். கண்ணில் படுகிறதையெல்லாம் கரைத்துக்கொண்டே போனதில், இரண்டு நாளில் எங்கே பார்த்தாலும் ஒரே சீரான கம்பங்கூழ். உருமறைப்பு உயிர் வாழ்வதே ஒழுங்கின்மையில்தான். பெரிய திட்டு தோளின் விளிம்பை உடைக்கிறது, சிறிய திட்டு பெரியதன் விளிம்பை உடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினால் அது வெறும் பூப்போட்ட துணி. போதாக்குறைக்கு, திரும்ப வருவதை மறைக்க டைலைச் சுருக்கியும் வைத்தேன்.

படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் தரப்பு ஆலோசகர், ஓய்வுபெற்ற படைவீரர், இரண்டு வரியில் பதில் அனுப்பினார். சட்டையின் வெட்டு சரி, திட்டுகளின் அளவு தவறு, இது வியட்நாம் காலத்து அளவு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 'உட்லேண்ட்' புதிதாக வரைந்ததல்ல. 1948இல் அமெரிக்க இராணுவப் பொறியியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய இலை வடிவத்தையே 60 சதவீதம் பெரிதாக்கினார்கள். வியட்நாம் காட்டுக்குள் நெருங்கி நின்று சண்டையிடுவதற்குச் சிறிய திட்டு போதும். ஐரோப்பாவில் தூரத்திலிருந்து பார்க்கப்படும் வீரனுக்கு அது போதாது. சிறிய திட்டுகள் தூரத்தில் ஒன்றாகக் கலந்து, ஆள் ஒரே நிறக் கட்டையாகத் தெரிவான். அளவுதான் அந்தச் சீருடையின் வரலாறே. நான் அதைக் கண்மதிப்பில் சுருக்கியிருந்தேன்.

ஒரு வாரத்தில் ஒரு பழைய 'உட்லேண்ட்' சட்டையும் அதே அச்சில் ஒரு மீட்டர் துணியும் பார்சலில் வந்தன. அன்று இரவு ஈரோட்டில் இருக்கும் அப்பாவை அழைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் துணி அச்சடிக்கும் ரோட்டரி எந்திரத்தில் நின்றவர். பல்லிக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "துணி என்றால் திரும்ப வராமல் எப்படி இருக்கும் கண்ணு? உருளை ஒரு சுற்று சுற்றினால் 64 சென்டிமீட்டர். பூவானாலும் பல்லியானாலும் அடுத்த சுற்றில் வந்துதான் தீரும்" என்றார். பிறகு ஒன்று கேட்டார்: "உன் பல்லி எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை வருகிறது?" அளந்து பார்த்தேன். 25.

திரும்ப வருவது குற்றமில்லை, எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதுதான் விஷயம். மார்பின் ஒரு பக்கத் துண்டு 30 சென்டிமீட்டர்கூட அகலமில்லை. 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும் உருவம் அதே துண்டின் அகலத்துக்குள் இன்னொரு முறை வர இடமே இல்லை. துணியை ஏ4 ஸ்கேனரில் வைத்து, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி 12 முறை ஸ்கேன் செய்தேன். இழைகள் கோணாமல் பாவும் ஊடையும் நேராக நிற்கும்படி எல்லாவற்றையும் சேர்த்து, 64 சென்டிமீட்டர் சதுரமாக்கினேன். அப்போதுதான் கவனித்தேன்: கறுப்புத் திட்டுகளின் ஓரம் பச்சைமேல் மயிரிழை அளவு ஏறி, அந்த இடத்தில் இன்னும் ஆழமான ஒரு கோடு ஓடியது. நிறத்துக்கு ஓர் உருளை என்பதால் வருவது. விலைக்கு வாங்கிய டைலில் அது கிடையாது. அதிலிருந்த கறுப்பும் அதலபாதாளக் கறுப்பு. கரியே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பலமுறை துவைத்த சட்டை அதைவிடக் கறுப்பாக இருக்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 64 சென்டிமீட்டரை 4096 புள்ளி அகலமுள்ள படத்தில் அடைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு புள்ளிதான் கிடைக்கும். சாய்வரி நெசவின் வரிகளை அதில் காட்டினால் பற்பசை பிதுக்கியது போலிருக்கும். அதனால் நெசவுக்கு மட்டும் ஐந்து சென்டிமீட்டரில் தனி டைல். அது எத்தனை முறை திரும்ப வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை, நெசவு என்பதே திரும்ப வருவதுதானே.

ஆனால் என் கண்ணைத் திறந்தது அந்தப் பழைய சட்டை. அதன் பையைப் பார்த்தேன். பை மூடியில் இருந்த பழுப்புத் திட்டுக்கும் கீழே பையில் இருந்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோளில் வந்த கறுப்புக் கிளை கை சேரும் தையலில் சட்டென்று முறிந்தது. கோடுபோட்ட சட்டைக்குக் கோட்டோடு கோடு சேர்ப்பார் நல்ல தையல்காரர். சீருடைக்கு யார் அப்படிச் செய்வார்கள்? துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரே வெட்டில் நூறு சட்டைக்கான துண்டுகளை எடுக்கிறார்கள். நானோ தையலைத் தாண்டியும் திட்டுகள் தொடரும்படி நாள்கணக்கில் ஒட்டுப்போட்டிருந்தேன். என் வீரன் சட்டை அணிந்தவனாக இல்லாமல் உடம்பெல்லாம் வண்ணம் பூசியவனாக இருந்ததற்குக் காரணம் அதுதான். எல்லாவற்றையும் கலைத்தேன். காலர், பட்டி, கை, பை, பை மூடி என ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பிரித்து, நேர்வாட்டம் பார்த்து, டைலில் வெவ்வேறு இடத்தில் வைத்தேன். ஒட்டுத் தெரியாத துணியிலிருந்து ஒட்டுத் தெரியும் சட்டை வந்தது.

இதற்குப் பிறகும் ஒரு சண்டை மிச்சமிருந்தது. உருவம் செதுக்கிய நண்பர் முழங்கை மடிப்புக்கு மட்டும் இரண்டு நாள் உழைத்திருந்தார். டெக்ஸ்சர் போர்த்தாத வெறும் சாம்பல் நிறத்தில் அது அற்புதமாக இருந்தது. டெக்ஸ்சரைப் போர்த்தியதும் மடிப்பைக் காணவில்லை. "என் வேலையை அழித்துவிட்டாய்" என்று அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரிடம் என்ன சொல்வது? வடிவத்தைத் தெரியாமல் செய்யத்தானே இந்தத் துணியைக் கண்டுபிடித்தார்கள். நிழலை நிறப்படத்திலேயே வரைந்துவிடச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், விளக்கை நகர்த்தினால் அந்தப் பொய் நிழல் இருந்த இடத்திலேயே நிற்கும். மடிப்பின் முகட்டில் துணி தேய்ந்து வெளுப்பதை மட்டும் சேர்த்தேன். கறுப்பைச் சாம்பலாக்கினேன், முட்டியிலும் முழங்கையிலும் இழை மழுங்கிக் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று விட்டேன். விளக்கைப் பக்கவாட்டில் இறக்கினோம். மடிப்புகளில் பாதி திரும்பி வந்தன. மீதிப் பாதி எங்கே என்று நண்பர் இன்றும் கேட்கிறார்.

ஆலோசகர் இந்த முறை குறை எதுவும் சொல்லாமல், பூட்ஸ் கயிற்றைப் பற்றி மட்டும் எழுதினார். அது என் துறை இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தொடையின் உட்தையலில், நிஜத் துணியிலும் இருந்த அந்தப் பல்லியின் வால் பாதியில் நின்றது. தலை எங்கே என்று தேடி, முதுகுப் பக்கம் திருப்பச் சொல்லி, கடைசியில் வலது கையின் மடிப்புக்குள் கண்டுபிடித்துவிட்டார். கைப்பேசியைத் திருப்பித் தந்தபடி, "ஒரு ஆளுக்கு எத்தனை மீட்டர் பிடித்தது?" என்று கேட்டார்.