அறுபத்தாறு பெயர்கள்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் குடும்பத்தோடு குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் படித்துறையிலேயே தின்று தீர்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். மாலையில் மொட்டைமாடியில் வழக்கமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம்: ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆளாக ஆட, நான் கதையை நடத்துவேன். பத்தமடைப் பாயின்மேல் இருபது முகப் பகடை சரியாக உருளுவதில்லை என்பதால் அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தை வாங்கி அதில் உருட்டுகிறோம். எதிர்வீட்டு ஆச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டு, தன் மாடியிலிருந்தே "என்ன, தாயமா?" என்று கேட்பதும், நான் "அது மாதிரிதான் ஆச்சி" என்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன.

இன்று மூன்று பேருடைய ஆட்கள் அடுத்த லெவலுக்கு ஏறினார்கள். மூவருமே ஏற்கெனவே இருந்த கிளாஸோடு, அதாவது வீரன், திருடன் என்பது போன்ற தொழிலோடு, இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். இருக்கும் கிளாஸுக்கும் புதிதாகச் சேரும் கிளாஸுக்கும் உரிய திறன் மதிப்புகள் 13க்குக் குறையக்கூடாது என்பது விதி. மூவருக்கும் அது இருந்தது. கணக்கெல்லாம் முடிந்த பிறகு சித்தி மகள் தன் தாளைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இப்போ என் ஆளு யாரு?" என்று கேட்டாள். தாளில் "வீரன் / பாணன்" என்று நடுவில் சாய்கோடு போட்டு எழுதியிருந்தாள்.

அந்தச் சாய்கோடு பழைய வழக்கம்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது போர்வீரன், மந்திரக்காரன், பூசாரி என மூன்று கிளாஸ்களே இருந்தன. எல்ஃப் இனத்தார் மட்டும் ஒரு பயணத்தில் போர்வீரனாகவும் அடுத்த பயணத்தில் மந்திரக்காரனாகவும் மாறிக்கொள்ளலாம். ஒரே பயணத்தின் நடுவில் மாறக் கூடாது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், மனிதரல்லாத இனத்தார் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் சுமக்கலாம் என்று விதி வந்தது. அவற்றை எழுத ஒரு சாய்கோடு போதும் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு யாரும் எதையும் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்தபோதும் சாய்கோடு அப்படியே இருந்தது. எங்கள் தாள்கள் தமிழில் இருப்பதால் எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. அறிமுகம் செய்துகொள்ளும் ஒருவன் "நான் வீரன் சாய்கோடு பாணன்" என்றா சொல்வான்?

கிளாஸுக்கே நல்ல தமிழ்ச் சொல் கிடையாது என்பது வேறு கதை. வகுப்பு என்றால் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் வகுப்புவாதம். இனி 'துறை' என்று எழுதப் போகிறேன். காலையில் நின்ற இடமும் ஒரு துறைதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கிறுக்கி வைத்திருந்த தாளை அப்பா எடுத்துப் பார்த்தார். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர் கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் சிவப்புப் பேனாவைத் தேடுவார். சித்தி மகளின் ஆளுக்கு நான் 'வீரபாணர்' என்று எழுதியிருந்தேன்.

"ஏல, கபிலபரணர்னு சொன்னா எத்தன பேருல?"

"ரெண்டு பேரு."

"ஒன் தங்கச்சியோட ஆளு எத்தன பேரு?"

"ஒரே ஆளுதான்ப்பா."

"பொறவு எப்படில உம்மைத்தொகை வரும்?"

உயர்திணையில் வரும் உம்மைத்தொகை பலர்பால் விகுதி கொண்டே முடியும் என்பது நன்னூல் விதி. கபிலனும் பரணனும் சேர்ந்தால் கபிலபரணர். சேரனும் சோழனும் பாண்டியனும் சேர்ந்தால் சேரசோழபாண்டியர். அதன்படி வீரபாணர் என்றால் ஒரு வீரனும் ஒரு பாணனும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள் என்றுதான் பொருள். சரி, ஒருமையாக்கி 'வீரபாணன்' என்று எழுதலாமே என்றால், அது உடனே பண்புத்தொகை போல ஒலித்து, வீரமுள்ள பாணன் என்றாகிவிடுகிறது. அவன் வாள் வீசக் கற்றவன் என்ற செய்தியே அதில் இல்லை. இரண்டு தொழில் கற்ற ஒரே ஆளை, இரண்டு தொழிற்பெயரையும் ஒட்டிச் சொல்ல நினைத்தால், மொழி ஒன்று ஆளை இரண்டாக்குகிறது அல்லது தொழிலை ஒன்றாக்குகிறது.

அப்பா கை கழுவப் போகும்போது, "அன்மொழித்தொகைன்னு ஒண்ணு படிச்சியே, ஞாபகம் இருக்கால?" என்றார். பொற்றொடி வந்தாள் என்பதில் பொன்னும் வருவதில்லை, தொடியும் வருவதில்லை; அதை அணிந்தவள் வருகிறாள். சேர்கின்ற இரண்டு சொல்லுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது ஆளைச் சுட்டும் தொகை அது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் பன்னிரண்டு துறைகளையும் கட்டம் போட்டு எழுதினேன். 2014ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ளவை 12. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66. முதலில் எளிய வழியைச் சோதித்தேன். தமிழில் தலைச்சொல் கடைசியில் நிற்பதால், எது பெரிய துறை, எது சிறிய துறை என்பதை வரிசையே சொல்லிவிடும்: 'மந்திர வீரன்' முதலில் வீரன், 'வீர மாந்திரீகன்' முதலில் மாந்திரீகன். ஐந்து லெவல் வீரனும் இரண்டு லெவல் மாந்திரீகனுமாக இருப்பவனுக்கு இந்த வரிசை உண்மையிலேயே பயன்படும். சாய்கோட்டில் இந்த வசதி கிடையாது.

புணர்ச்சிதான் காலை வாரிவிட்டது. வாளும் சித்தும் அறிந்தவன் என்பதற்காக 'வாட்சித்தன்' என்று எழுதி எதிர்வீட்டுத் தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "அண்ணாச்சி, இது யாரு, வாட்ச் கடக்காரரா?" என்று பதில் வந்தது. மந்திரத்தால் கண்ணைக் கட்டித் திருடுபவனுக்குக் 'கண்கட்டி' என்று வைத்ததைப் பார்த்த அம்மா, கண்ணிமையில் வரும் கட்டிக்கு அல்லவா அந்தப் பெயர், நாமக்கட்டியை உரைத்துப் போடு என்றாள்.

இன்னொன்றைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. சங்க இலக்கியத்தில் அழகாக நிற்கும் சொற்களைத்தான் முதலில் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன்: மறவன், பாணன், வேலன், கணியன். நான்கும் இன்றைக்கும் சமூகப் பெயர்களாக வழங்குபவை. பள்ளிக்கூடப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறத்தைக்கூடப் பார்த்து ஆளை எடைபோடுகிற ஊரில், அந்தச் சொற்களில் ஒன்றைத் தாளின் தலையில் எழுதி ஒருவன் கையில் கொடுத்து, நீ இன்று முதல் இது என்று சொல்ல என்னால் முடியாது. 2,000 வருடத்துப் பழமை அந்தச் சொல்லைக் கழுவித் தந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தப் பக்கத்துப் பேருந்தில் போய் வந்ததில்லை என்று பொருள். நான்கையும் அடித்துவிட்டேன். பாணன் இருந்த இடத்தில் பாவலன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நான்கு பெயர்கள். நான்கும் மோசம்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்றிரவு களக்காட்டுப் பக்கம் அத்தை ஊரில் கோயில் கொடை விழா. சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று. அண்ணாவி வீசுகோலை ஓங்கி வில்லின் நாணில் அடிக்கும்போது, வில்லில் கட்டிய மணிகள் மொத்தமும் ஒருமுறை குலுங்கி அடங்க, அந்த அடங்கலுக்குள் அவர் அடுத்த அடியை எடுத்துவிடுகிறார். குடத்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருப்பது என் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது என்று உறைத்தது. வில் கொல்லும் கருவி. அதையே கிடத்தி, மணி கட்டி, பாட்டுக்குக் கருவியாக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு வில்லடி என்றே பெயர். சித்தி மகளின் ஆள் ஒரு பெண், சண்டையில் அவள் கைக்கருவி வில், புதிதாகக் கற்றது பாட்டு. வில்லடிச்சி! அந்தப் பெயரில் வீரனும் இல்லை, பாவலனும் இல்லை. அவள் கை செய்யும் வேலை மட்டும் இருக்கிறது.

நள்ளிரவில் கோமரத்தாடி, அதாவது சாமியாடுபவர், வேட்டைக்குப் புறப்பட்டார். பந்தம் முன்னே போக, அவர் இருட்டுக்குள் சுடுகாட்டை நோக்கி ஓட, பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு பெருஞ்சக்தியோடு உடன்படிக்கை செய்து ஆற்றல் பெறும் வார்லாக் துறைக்குக் கோமரத்தாடி என்று வைக்கலாமா என்ற எண்ணம் என் மனத்தில் இருந்ததை, விடியற்காலையில் காப்பி குடிக்கும்போது அத்தை மகனிடம் சொன்னேன். அவனும் எங்களோடு ஆடுபவன்தான்; வார்லாக்கோடு ரேஞ்சரைச் சேர்த்து வைத்திருப்பவனும் அவனே. "எங்க பெரியப்பா கோமரத்தாடிதான், அத்தான். கொடைக்கு நாள் குறிச்சதுல இருந்து வெரதம் இருக்காரு. அத தாம்பாளத்துல உருட்ட வேண்டாம்" என்றான். சொன்னது நியாயம்.

ஆனால் பந்தம் யாருடைய விரதமும் அல்ல. பந்தம் என்றால் தீப்பந்தம். பந்தம் என்றால் கட்டு, உறவு, விடுவித்துக்கொள்ள முடியாத பிணைப்பு. காட்டில் தடம் பார்க்கத் தெரிந்தவன், யாருக்கோ கட்டுப்பட்டும் இருக்கிறான். 'பந்தவேடன்' என்று சொன்னதும் அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு பெயரையும் ஆட்டத்தில் இறக்கினேன். சித்தி மகள் 'வில்லடிச்சி' என்பதை எழுதிப் பார்த்து, முதல் சண்டையிலேயே அம்பு எய்வதற்கு முன்னால் "மணி குலுங்குது" என்று அறிவித்தாள். விதிப்புத்தகத்தில் அப்படி எந்த மணியும் கிடையாது. பெயர் தந்த மணி அது. நானும் எதிரிகளை ஒரு கணம் தயங்கி நிற்கச் செய்தேன்.

அப்பா கொஞ்சம் மனத்தாங்கலோடு இருக்கிறார். அவர் தந்த பெயர் 'பொருநன்'. அதைத் தள்ளுவது எளிதாகவும் இல்லை: பொருநன் என்றால் போர் செய்பவன், பத்துப்பாட்டில் வரும் பொருநர் என்றால் ஏர்க்களமும் போர்க்களமும் பாடும் கலைஞர். ஒரே சொல்லுக்குள் வீரனும் பாவலனும் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள், ஒட்டும் இல்லை, சாய்கோடும் இல்லை. போதாததற்குத் தாமிரபரணியின் பழைய பெயரும் பொருநை. வாளேந்திப் பாடுகிற ஆள் யாராவது வந்தால் அவருக்கு இந்தப் பெயர்தான் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதற்கு இணையான ஒன்று 1978ஆம் ஆண்டுக் கையேட்டிலும் உண்டு. அதன் பிற்சேர்க்கையில் வரும் பார்ட், அதாவது பாவலன், தனித் துறையே அல்ல. முதலில் போர்வீரனாகச் சில லெவல், பிறகு திருடனாகச் சில லெவல், அதற்கும் பிறகு துரூயிடுகள் என்ற இயற்கைப் பூசாரிகளிடம் மாணாக்கனாகச் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். மூன்று வாழ்க்கை வாழ்ந்து முடித்தவனுக்கு ஒரே பெயர்!

போர்வீரனும் ரேஞ்சரும் சேர்ந்தால் 'திசைக்காவலன்' என்றும் முடிவாயிற்று. பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமையில் திசைக்காவல் என்று ஒரு முறையே இருந்ததால் அதற்கு விளக்கம் யாரும் கேட்கவில்லை. மாந்திரீகத் திருடனுக்கு இன்னும் பெயர் அமையவில்லை. திருமாலை நம்மாழ்வார் 'வஞ்சக்கள்வன் மாமாயன்' என்று ஒரே மூச்சில் அழைத்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் என்ன புதிதாகச் சொல்ல?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அறுபத்தாறையும் முடிப்பது என்ற எண்ணத்தை இன்று கைவிட்டேன். கணினி விளையாட்டுகளில் பட்டியலை முழுதாக நிரப்பியே தீரவேண்டிய கட்டாயம் உண்டு. 2006இல் வந்த டைட்டன் குவெஸ்டில் எட்டுத் துறை, 28 சேர்க்கை, 28 பெயர். 2016இல் வந்த கிரிம் டானில் முதலில் ஆறு துறை, 15 பெயர். ஆர்க்கேஜில் தொடக்கத்தில் பத்திலிருந்து மூன்று எடுக்க வேண்டியிருந்ததால் 120 பெயர். இவற்றில் கிரிம் டானின் பட்டியல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றையும் யோசித்திருக்கிறார்கள்: கத்தியும் வெடியும் தெரிந்தவன் சபோட்டர், அதாவது நாசவேலைக்காரன், கத்திக்காரனும் மாந்திரீகனும் சேர்ந்தால் ஸ்பெல்பிரேக்கர், மந்திரத்தை உடைப்பவன். மந்திரம் கற்றவனுக்கு மந்திரத்தை உடைப்பவன் என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். 120 பெயர் வைக்க நேர்ந்தால் அந்தத் துணிச்சல் நாற்பதாவது பெயரிலேயே வற்றிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் நிழல், இருள், இரத்தம் என்ற மூன்று முன்னொட்டுகளின் புழக்கம்தான். ஆள் வரட்டும், அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துப் பெயர் வைக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எதிர்வீட்டுத் தம்பியின் ஆள் பூசாரியும் திருடனும் சேர்ந்தவன். அவனுக்கு நான் 'அருட்கள்வன்' என்று மெனக்கெட்டு எழுதி வைத்திருந்தேன். ளகரம் டகரமாகத் திரிந்த அழகை அப்பாவே பாராட்டினார். ஆட்டத்தில் என்ன நடந்தது என்றால், அவன் ஒரு காயக்காரனைக் கும்பிட்டுக் குணப்படுத்தினான், குணப்படுத்திய கையோடு அவன் மடியில் இருந்த காசை எடுத்தான், கேட்டதற்கு "காணிக்க" என்றான். "நீ பூசாரியா, உண்டியலா?" என்று சித்தி மகள் கத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் எல்லோரும் அவனை உண்டியல் என்றே கூப்பிட்டார்கள். நான் ஒருமுறை அருட்கள்வன் என்றபோது யார் அது என்று கேட்டார்கள்.

இரவு அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அருட்கள்வனை அடித்துவிட்டு எதிர்வீட்டுத் தம்பி பென்சிலால் உண்டியல் என்று எழுதியிருந்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது தொகையே இல்லையேல, ஆகுபெயர்லா" என்றார். பிறகு, எந்த ஆகுபெயர், தானியா இடமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அலமாரியில் நன்னூலைத் தேட ஆரம்பித்தார்.