துருசு

நேற்றுப் பின்னேரம் வவுனிக்குளக் கட்டில நடந்தன். வன்னியில பாலியாற்றை மறிச்ச குளம். கட்டை அலை அரிக்காமப் பதிச்ச அலைகல்லில தண்ணி தட்டுற சத்தம் மட்டும்தான்.

எனக்கு அதிசயம் கட்டு இல்லை, துருசுதான், தண்ணி திறந்து விடுற மதகு. குளம் நிறைஞ்சு நிக்கேக்க அந்தத் தண்ணி அடிக்கிற அடிக்கு எந்தக் கதவும் பிய்ஞ்சு போகும். பழைய ஆக்கள் கட்டுக்குள்ள கல்லால ஒரு சதுரக் கிணறு இறக்கி, தண்ணியை அதுக்குள்ள அடக்கித்தான் வெளிய விட்டவை. சிங்களத்தில 'பிசோகொட்டுவ'. ஐரோப்பாவில இப்பிடிக் கிணறுகள் 19ஆம் நூற்றாண்டிலதான் வந்தது எண்டு பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல எழுதிப்போட்டார்.

அப்பு துருசு திறக்க முதல் கட்டில பொங்கல் பொங்குவார். முதல் பிடி தண்ணிக்கு, பிறகுதான் எங்களுக்கு (பசி உயிர் போகும்).

எங்கட ஊர்ப் பேரெல்லாம் தண்ணிதானே: கனகராயன்குளம், நெடுங்கேணி. இப்ப கட்டுக்கு வாறது செல்பிக்கு. நானும் நாலு எடுத்தனான்.