பெயர்ப்பலகை வேண்டாதவர்களுக்கு ஒரு கூகுள் முகவரி

நாகர்கோவிலில் மாடியில் ஓர் அறை எடுத்து உளவியல் ஆலோசனை மையம் நடத்துகிறேன். வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கினால் தெரிந்தவர் ஒருவராவது எதிர்ப்பட்டு எங்கே போகிறாய் என்று கேட்டுவிடும் ஊர் இது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் சிலர், இங்கே ஆள் இருந்தும் திருவனந்தபுரம் பஸ் ஏறுவது அதற்காகத்தான். எங்களிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் ஊர் கண்ணில் படக் கூடாது. அவர்கள் இரவு பதினொரு மணிக்குப் போனை எடுத்துத் தேடினால் மட்டும் அகப்பட வேண்டும். கூகுளோ பெயர்ப்பலகையையும் பாராட்டுரைகளையும் எதிர்பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மையத்தைத் தேடலில் மேலே கொண்டுவந்ததை, இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் தொழிலின் பெயரையும் முகவரியையும் காட்டும் பதிவு. இது இலவசம். கூகுளிலிருந்து பேசுகிறோம், சரிபார்ப்புக்குப் பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள். ஆன்லைனில் மட்டும் ஆலோசனை தருகிறவர்களுக்கு இந்தப் புரொஃபைல் கிடையாது; வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்கு மட்டுமே உண்டு. எனக்கு வீடியோ மூலம் சரிபார்ப்பு வந்தது. தெருவில் தொடங்கி, பக்கத்துக் கடைகள், பெயர்ப்பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது, உள்ளே இருக்கும் மேசை நாற்காலி வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். ரோட்டைப் பார்த்த பெரிய பலகை எனக்கு வேண்டாம். படிக்கட்டுத் திருப்பத்தில் மையத்தின் பெயர் மட்டும் உள்ள சிறிய பலகை வைத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. காலையில் ஆள்கள் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். யாருடைய முகமும், வாசலில் யாருடைய வண்டி எண்ணும் அதில் விழக் கூடாது.

பலகையில் உள்ள பெயர்தான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும். இணைய விளம்பரம் செய்துதரும் ஒரு நிறுவனத்தார் வந்து, பெயருக்குப் பின்னால் 'நாகர்கோவிலின் சிறந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சேர்த்தால் உடனே மேலே வரும் என்றார்கள். பெயரில் தேடல் சொற்களைத் திணிப்பது கூகுள் விதிக்கு எதிரானது, புரொஃபைலையே முடக்கிவிடலாம். அதைவிடப் பெரிய சங்கடம், நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். நான் கவுன்சலிங் சைக்காலஜி படித்தவள். மருந்து எழுதுகிறவளும் அல்ல. வகை என்ற இடத்தில் அதற்குப் பொருந்துவதையே தேர்ந்தெடுத்தேன். மாத்திரை கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது அவருக்கும் ஒரு நாள் வீண், எனக்கும் ஒரு மணி நேரம் வீண்.

அதே நிறுவனம் ஒரே மாதத்தில் முதல் இடம் என்று உத்தரவாதமும் தந்தது. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தக்கலை, குளச்சல், கருங்கல், குலசேகரம், அருமனை என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இணையதளத்தின் ஒரே பக்கத்தைப் பல பக்கங்களாகப் போடலாம் என்பது அவர்களின் இன்னொரு யோசனை. அதுவும் கூகுளின் ஸ்பேம் விதியில் வருகிறது. நல்லவேளை, முன்பணம் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

வரைபடத்தில் யார் முதலில் வருவது என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்கள் சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மார்த்தாண்டத்தில் நின்று 'அருகில்' என்று தேடுகிறவருக்கு நாகர்கோவில் மையம் பின்னால்தான் வரும். சனிக்கிழமைகளில் மார்த்தாண்டத்தில் ஓர் அறையில் அமர்கிறேன். அதற்காக ஒரே ஒரு தனிப் பக்கம் எழுதினேன்: எந்த நேரம், எந்த நிறுத்தத்தில் இறங்குவது, காத்திருக்கும் இடம் எப்படி, மலையாளத்திலும் பேசலாம் என்பது. கடைசி வரி வேலை செய்தது. மலையாளத்தில் பேசலாமா என்ற கேள்வியோடுதான் அந்தப் பக்கத்தைப் படித்தவரிடமிருந்து முதல் அழைப்பு வந்தது.

ரிவ்யூக்களையும் கணக்கில் எடுக்கும் பிரபலம் என்பதில்தான் எங்கள் தொழில் முட்டிக்கொள்கிறது. உணவகம் நடத்துகிறவர் பில்லைக் கொடுக்கும்போதே ரிவ்யூ கேட்டுவிடலாம். என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போகிறவரிடம், சொந்தப் பெயரோடு ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவரால் மறுக்கவும் முடியாது. அதனால் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்; கட்டணத்தில் தள்ளுபடி தந்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கும் விரோதம். தாமாக எழுதுகிறவர்கள் உண்டு. ஒருவர் தன் வீட்டு விஷயம் முழுவதையும் எழுதி நன்றி சொல்லியிருந்தார். பதிலுக்கு 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று போட்டால்கூட அவர் வந்ததை நான் உறுதி செய்ததாகிவிடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. ஆகவே பாராட்டோ திட்டோ, எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: 'கருத்துக்கு நன்றி. இங்கு வருபவர்கள் யார் என்பது பற்றி நாங்கள் பொதுவில் பேசுவதில்லை.' ஒரு நட்சத்திரம் கொடுத்தவருக்கும் இதே வரிதான். கை துறுதுறுத்தது உண்மை.

ரிவ்யூவில் இழந்ததைப் பக்கங்களில் ஈடுகட்டினேன். இணையதளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து பார்த்தால், மக்கள் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பது தெரியும். முதலில் பார்த்தபோது ஒரு குழப்பம். முகப்புப் பக்கம் ஏராளமானோருக்குக் காட்டப்பட்டிருந்தது. திறந்தவர் அநேகமாக இல்லை. காரணம், தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்று தேடுகிறவர்களில் பெரும் கூட்டம் பிளஸ் டூ முடித்து என்ஜினீயரிங் இடம் தேடும் பிள்ளைகள்! தலைப்பை 'மனநல ஆலோசனை, குடும்ப ஆலோசனை – நாகர்கோவில்' என்று மாற்றியதும் அந்தக் கூட்டம் விலகியது. 'கன்னியாகுமரி' என்ற பெயரிலும் இதே தொல்லை. மாவட்டத்தை நினைத்துத் தேடுகிறவரைச் சூரிய உதயமும் லாட்ஜும் சூழ்ந்துகொள்கின்றன. அதனால் எல்லாப் பக்கத்திலும் நாகர்கோவில் என்றே முன்னால் வைத்தேன்.

அரிதாகத் தேடப்படும் சொற்களை சர்ச் கன்சோல் காட்டாது, தேடியவரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடும். எங்களைப் போன்ற சிறிய மையத்துக்கு இதனால் பாதி பட்டியல் தெரியாமல் போகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. முதல் அழைப்பில் அவர்கள் பேசும் வார்த்தைகளே போதிய பட்டியல். 'உளவியல் சிகிச்சை வேண்டும்' என்று யாரும் போன் செய்வதில்லை. தூக்கம் வரவில்லை, பையன் போனைக் கீழே வைப்பதில்லை, வளைகுடாவிலிருந்து வந்த கணவர் இரண்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை – இப்படித்தான் தொடங்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அவர்கள் பேசும் தமிழில், யாருடைய கதையையும் எடுக்காமல் எழுதினேன். எழுதியவர் யார், என்ன படித்தவர் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். உடல்நலம், பணம் பற்றிய பக்கங்களில் கூகுள் நம்பகத்தன்மையைக் கூடுதலாகப் பார்க்கிறது. எல்லாப் பக்கத்தின் தலையிலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் என் அடுத்த வார நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஒரு விளம்பரமும் ஓட்டவில்லை. தளத்துக்கு ஒருமுறை வந்தவரை மற்ற தளங்களிலும் பின்தொடரும் விளம்பரம் ஒன்று உண்டு. ஒரே போனை வீடே பயன்படுத்தும் ஊரில் 'திருமண உறவு ஆலோசனை' என்று மனைவி தேடியது கணவன் கண்ணில் வந்து நின்றால் என்ன ஆகும்? உடல்நலத் தேடல்களை வைத்து அப்படித் துரத்துவதைக் கூகுளும் அனுமதிப்பதில்லை.

இப்போது நாகர்கோவிலில் தேடினால் வரைபடத்தின் முதல் சில இடங்களுக்குள் வருகிறோம். ரிவ்யூ அதிகம் உள்ளவர்கள் எங்களுக்கு மேலே இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆச்சரியம் என்னவென்றால், அதிகம் திறக்கப்படுவது கட்டணப் பக்கமும், எந்தப் படிக்கட்டு வழியாக வர வேண்டும், கீழ்க்கடையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று விளக்கும் பக்கமும்தான். தூக்கமின்மை பற்றி நான் பாடுபட்டு எழுதியது மூன்றாவது இடம். மார்த்தாண்டம் நேரம் அடுத்த மாதம் முதல் மாலைக்கு மாறுகிறது. அந்தப் பக்கத்தில் இன்றே திருத்த வேண்டும்.