ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

கோயம்புத்தூரில் ஒரு கர்ட்டன் கடையில் வீடுகளுக்குப் போய் அளவெடுப்பதும், தையலைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். "சோஃபா பிரவுன், சுவர் கிரீம், எது மேட்ச் ஆகும் அக்கா?" என்பார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அந்த ரூமில் யார் இருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்லாக்கைப் பிரிப்பது அதற்கு அப்புறம்தான்.

மேற்குப் பார்த்த ஜன்னலில் மதியம் தொடங்கி வெயில் நேராக விழும். அங்கே பட்டு வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. வெயில் பட்டின் நிறத்தை மட்டுமா எடுக்கிறது, இழையையே நைந்துபோக வைக்கிறது. கொஞ்ச நாளில் மடிப்பு மடிப்பாகக் கிழியும். கட்டாயம் பட்டுதான் வேண்டும் என்றால் பின்னால் லைனிங் கொடுத்தே ஆக வேண்டும்; வெயிலை அது வாங்கிக்கொள்ளும். சாயம் வெயிலுக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1 முதல் 8 வரை ஓர் அளவுகோல் உண்டு. நல்ல கேட்லாக்கில் போட்டிருப்பார்கள். விலையைப் பார்க்கிற கண் அதையும் ஒருமுறை பார்த்தால் நல்லது.

எங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம், காற்று. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீச ஆரம்பித்துவிடும். லேசான துணி ஜன்னல் கம்பிக்கு வெளியே பறக்கும், கிரில்லில் மாட்டிக் கிழியும். அதனால் கீழ் மடிப்பை 5, 6 அங்குலத்துக்கு அகலமாக விட்டு, உள்ளே எடைக்காக ஒரு மணிச்சரம் வைத்துத் தைக்கிறோம். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தானோ என்னவோ, இதற்குக் கொடுக்கிற கூலியில்தான் எல்லாரும் பேரம் பேசுகிறார்கள்.

அளவுக்கு வருகிறேன். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும். அதனால் ஸ்டீல் டேப்தான். உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். புது ஃபிளாட்டிலும் தரை மட்டம் சமமாக இருப்பது அபூர்வம். ராடை ஜன்னலுக்கு மேலே நாலைந்து அங்குலம் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் நீட்டிப் போட்டால், திறந்து ஒதுக்கும்போது துணி சுவர்மேல் நிற்கும், வெளிச்சத்தை மறைக்காது. ஸ்விட்ச் போர்டும் ஏசியும் இதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

"இத்தனூண்டு ஜன்னலுக்கு இவ்வளவு துணியா?" என்பார்கள். ஐந்தடி ஜன்னலுக்கு ராடு ஆறடி, அதாவது 72 அங்குலம். கொசுவம் அழகாக விழ அதைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும்: 144 அங்குலம். துணியின் அகலம் 48 என்றால் மூன்று பாகம். ஏழடி உயரத்தோடு மேல் மடிப்பு, கீழ் மடிப்பு சேர்த்தால் பாகத்துக்கு 96 அங்குலம், மொத்தம் 7.3 மீட்டர். 25 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் பெரிய பூ டிசைன் என்றால், பூவோடு பூ சேர ஒவ்வொரு பாகத்தையும் 100 அங்குலமாக வெட்ட வேண்டும். 7.6 மீட்டர் ஆகிவிடும். இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டிவிட்டால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. மறைத்து, ஒன்றரை மடங்கில் தைத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. மூடினால் பெட்ஷீட் காயப்போட்டது போல விறைப்பாக நிற்கும்.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி படுத்திருக்கிற ரூமுக்கு மகன் வெளிச்சமே புகாத பிளாக்அவுட் துணி கேட்டார், பகலில் தூங்கட்டும் என்று. நான் டேப்பை வைத்துக்கொண்டு நிற்கும்போது பாட்டி கூப்பிட்டார்: "அம்மிணி, நீ என்ன போட்டாலும் சரி, எனக்கு ரோடு தெரியோணும்." இரட்டை ராடு போட்டோம். ஜன்னலை ஒட்டி நெட் துணி, அறைப் பக்கம் கனத்த துணி. பகலில் நெட் வழியாக உள்ளே இருந்து ரோடு தெரியும், ரோட்டில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. இரவில் லைட் போட்டால் இது தலைகீழாகிவிடும் என்பதால், விளக்கு வைத்ததும் கனத்த துணியை இழுத்துவிடச் சொன்னேன். எட்டி இழுக்க ஒரு கோல் மாட்டினோம். நடக்கும்போது பாட்டி கால் தடுக்கக் கூடாது என்று துணியைத் தரையில் புரளவிடாமல் அரை அங்குலம் ஏற்றியே தைத்தோம். அந்த வீட்டில் நிறத்தை முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேட்சிங் பற்றி எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. கர்ட்டன், சோஃபா, குஷன், பெட்ஷீட் எல்லாம் ஒரே துணியில் இருந்தால் வீடு ஷோரூம் மாதிரி ஆகிவிடும். அதோடு ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. சோஃபா துணி தேய்மானம் தாங்க வேண்டும். சோதனையில் 15,000 தேய்ப்புக்குக் குறைந்ததை வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. கர்ட்டன் துணிக்கு அந்தக் கவலை இல்லை, அது நன்றாக விழ வேண்டும். கர்ட்டனில் ஓரமாக இருக்கிற ஒரு நிறத்தை எடுத்துக் குஷனுக்குக் கொடுத்தாலே போதும், ரூம் சேர்ந்துவிடும். பெட்ஷீட்டுக்குச் சென்னிமலைக் கைத்தறி இருக்கிறது, கரூர் துணி இருக்கிறது. உலகம் முழுக்க வீட்டுத் துணி அனுப்புகிற ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது, வெளிநாட்டு கேட்லாக்கை மட்டும் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

துணி சாம்பிளைக் கடை லைட்டில் பார்த்து முடிவு செய்ய நான் விடுவதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், காலை ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்டில் ஒரு தடவை அந்த ஜன்னலிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைக்கிறோம், முதல் சலவையில் சுருங்கித் தரையை விட்டு மேலே ஏறிவிடக் கூடாதே. அப்புறம், தைத்து மிச்சமாகும் துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த வருஷம் ஒரு குஷன் கவர் கிழிந்தால், அதே நம்பர் துணி கடையில் கிடைத்தாலும் வேறு லாட்டில் சாயம் ஒரு சாயல் மாறித்தான் வரும்.