ஒரு பிள்ளையைத் தாயிடம் சேர்க்க ஒன்பது மாதம்

வெளிநாட்டில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஊழியம் செய்ய எங்கள் சபை என்னை அனுப்பியது. நாட்டின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளை அடையாளம் காட்டமாட்டேன் என்று புறப்படும் முன்பே குழந்தைப் பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கிறேன். காவல்துறைச் சான்று, போதகரின் பரிந்துரைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, விசா என்று அலைந்ததெல்லாம் சில மாதங்களில் முடிந்தது. கடினமான வேலை அங்கே போன பிறகுதான் வந்தது.

நான் போய் இறங்கிய அன்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. கர்த்தர் என்னை இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அழைத்திருக்கிறார் என்று அன்றிரவு கண்ணீரோடு ஜெபித்தேன். மறுவாரம் குடிநீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவரையும் அவள் அப்படியே கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். உள்ளூர்ச் சமூகப் பணியாளரான அக்காவிடம் கேட்டேன். “ஆட்கள் வந்து வந்து போகிற வீட்டில் வளரும் பிள்ளைகள் இப்படித்தான், சகோதரி. இது பாசமல்ல, யாரும் நிலைக்காததால் வந்த பழக்கம்” என்றார்.

பதிவேடுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முப்பத்திரண்டு கோப்புகள். “தாய் உயிருடன் இருக்கிறார்”, “தந்தை வெளியூரில் வேலை”, “பாட்டியால் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை”. தாய் தந்தை இருவருமே இல்லாத பிள்ளைகள் நான்கே பேர். தாய் தந்தையரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் யுனிசெஃப் அனாதை என்றே கணக்கிடுகிறது. ஆனால் எங்கள் ஜெபக் கடிதத்தைப் படித்துக் காணிக்கை அனுப்பியவர்கள் யாருமற்ற பிள்ளையைத்தான் நினைத்திருப்பார்கள். அது எனக்கு உறுத்தியது.

அக்கா தம் கோப்பிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு நகலை எடுத்துக் காட்டினார். பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கே வறுமை அடையாளம் என்ற பத்தியை அவர் அடிக்கோடிட்டிருந்தார். யாக்கோபு நிருபம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நாங்களோ பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு விதவையை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையை, என்னைக் கட்டிக்கொண்ட அந்தச் சிறுமியிடமிருந்தே தொடங்கினோம். கணவர் இறந்தபின் வாடகை கொடுக்க வழியில்லாமல் தாய் அவளை நான்கு வயதில் கொண்டுவந்து விட்டிருந்தார். முதலில் பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் தாயைத் தேடிப் போனோம். நிறைவேறாமல் போகக்கூடிய ஆசையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாது என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். யார் எங்கே படுக்கிறார்கள், தாய் வேலைக்குப் போகும்போது வீட்டில் யார் இருப்பார்கள், பிள்ளையை அடிக்கக்கூடியவர், தீங்கு செய்யக்கூடியவர் எவரேனும் வந்துபோகிறார்களா என்று தாயிடமும் அயலாரிடமும் தனித்தனியாகக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் இதே கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களால் அந்தக் கோப்பை மூடி, நம்பகமான வளர்ப்புக் குடும்பத்தைத் தேடினோம்.

அரசு அலுவலகத்தின் கையெழுத்துக்கு மட்டும் இரண்டு மாதம். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

தாய் முதன்முறை பார்க்க வந்தபோது ஒரு கவுன் கொண்டுவந்தார். பிள்ளையின் தோளில் வைத்துப் பார்த்தார்; அது இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய அளவு அவர் நினைவில் இருந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வெளியே போய்விட்டேன். அடுத்த முறை அதே கவுனின் கீழே வேறு துணியில் ஒரு பட்டை சேர்த்துத் தைத்து வந்தார்.

பிறகு வாரந்தோறும் தொலைபேசி, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு வார இறுதி என்று படிப்படியாக. இல்லத்தில் அவளுக்குச் செலவிட்ட பணத்தையே வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திருப்பினோம். இதைக் கடிதத்தில் எழுதியபோது தாங்குவோரில் சிலர் நிறுத்திவிட்டார்கள். இல்லத்துப் பிள்ளையின் படத்துக்குக் கொடுக்கிறவர், வாடகை ரசீதுக்குக் கொடுக்கத் தயங்குகிறார். அது எனக்கு வருத்தமே. ஆனாலும் பிள்ளைகளின் படம் போட்டுக் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் அவள் வீட்டுக்குப் போனாள். முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என்று போய்ப் பார்த்தோம். முதல் மாதத்தில் படுக்கையை நனைத்தாள், பள்ளிக்குப் போக மறுத்தாள். தாய் இரண்டு முறை அக்காவை அழைத்து அழுதிருக்கிறார். மூன்றாம் மாதம் நான் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் ஓடிவரவில்லை. தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்று, யாரென்று எட்டிப் பார்த்தாள்.