நட்டைத் திருப்பிய காலமும் அதற்குப் பிறகும்

சிங்கப்பூர் விரைவுச்சாலையில் லாரி இடித்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். இடது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே உடைந்து வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் முன்பக்கம் எலும்புக்கு மேல் வெறும் தோல்தான். அதுவும் போய், செத்த எலும்பை வெட்டி எடுத்ததும் 5 சென்டிமீட்டர் இடைவெளி.

"முதல்ல மூடணும், அப்புறம்தான் வளர்க்கணும்" என்றார் டாக்டர். நல்ல ரத்த ஓட்டமுள்ள சதை மேலே இல்லாவிட்டால் எலும்பில் கிருமி குடியேறிவிடுமாம். தொடையிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துக் காலில் உள்ள குழாயோடு தைத்தார்கள். இதற்கு ஃபிளாப் என்று பெயர். முதல் இரவுகளில் நர்ஸ் மணிக்கொரு தடவை, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்துப் பார்ப்பார். 'உஷ் உஷ்' என்று சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம். அப்புறம் காலைத் தொங்கவிடும் பயிற்சி. முதலில் சில நிமிடம்தான். அதற்குள்ளேயே ஃபிளாப் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். காலைத் தூக்கி வைத்தால் மெல்லத் தெளியும்.

ஃபிளாப் பிழைத்தது உறுதியானதும் வளைய ஃப்ரேம் வந்தது. காலைச் சுற்றி வளையங்கள், அவற்றிலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகள், திருப்புவதற்கு நட்டுகள். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950களில் உருவாக்கிய முறை இது. முழங்காலுக்குக் கீழே நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு வாரம் போல ஆறவிட்டு, வெட்டுக்கும் பழைய இடைவெளிக்கும் நடுவில் உள்ள துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்துவார்கள். அது பின்னால் விட்டுப்போகும் இடத்தில் புது எலும்பு வளரும். நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதுவும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. வேகம் கூடினால் எலும்பு சரியாக உருவாகாது. குறைந்தால் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். மனைவி நட்டில் சிவப்பு நகப்பாலிஷால் புள்ளி வைத்து, போனில் அலாரம் வைத்து, ஸ்பேனரால் திருப்பினாள். பகலில் வலி பரவாயில்லை. இரவில்தான் தாங்காது.

பக்கவாட்டில் பிரித்து வெல்க்ரோ ஒட்டிய கால்சட்டையோடு தேக்கா சந்தைக்குப் போனபோது ஒரு பாட்டி, "தம்பி, தைப்பூசம் முடிஞ்சிருச்சே, இன்னும் காவடிய இறக்கலையா?" என்றார். வலியை மறந்து சிரித்தேன்.

திருப்புவது முடிந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். அங்கேதான் எல்லாருமே ஏமாந்தோம். எக்ஸ்ரேயில் புது எலும்பு வெறும் புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. அது கெட்டியாவதற்கு, நட்டைத் திருப்பிய காலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. திருப்பும்போதாவது செய்ய ஒரு வேலை இருந்தது. இப்போது காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. நடுவில் கம்பி நுழையும் இடத்தில் சீழ், ஆன்டிபயாட்டிக். துண்டு போய்ச் சேர்ந்த முனை ஒட்டாததால் இடுப்பிலிருந்து எலும்புத்தூள் எடுத்து வைத்தார்கள். பாதம் கீழ்நோக்கி இறுகிவிடாமல் இருக்க பிசியோ கொடுத்த பட்டையை நாள் முழுக்க மாட்டியிருந்தேன். இதை மட்டும் யாரும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். செலவு விஷயத்தில், மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு எவ்வளவு தாங்கும், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவமனைச் சமூக ஊழியரிடம் முதல் வாரமே உட்கார்ந்து பேசிவிட்டது நல்லதாகப் போயிற்று.

இப்போது ஃப்ரேம் இல்லை, நடக்கிறேன். ஃபிளாப் தடிப்பாகவே இருக்கிறது, தொடை முடியும் அதில் வளர்கிறது. மெலிய வைக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது, அதனால் குளிக்கும்போது சுடுநீரைக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்றுகிறேன்.